கோவை கிரைண்டரும் நாக்பூர் நுகர்வோரும்

லக்னோ வீட்டில் புது ஃபிரிட்ஜ் வந்து இறங்கியதும் வீட்டம்மா கேட்ட முதல் கேள்வி: "நாளைக்கே உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் வந்தா, ரிப்பேருக்கு யார்கிட்டங்க போறது?"

நியாயமான பயம்தான். 2011-ல் கோவையில் வாங்கி நாக்பூருக்குக் கொண்டுபோன கிரைண்டர், ரெண்டே மாதத்தில் மோட்டார் கருகி உட்கார்ந்துவிட்டது. "இங்கே அனுப்பி வைங்க சார்" என்றார் கடைக்காரர். அனுப்பும் செலவுக்கு நாக்பூரிலேயே காயில் கட்டிவிடலாம். கட்டினேன்.

பி.காம். படித்தவர்களுக்கு மெர்க்கண்டைல் லா பேப்பரில் வந்த 'கேவியட் எம்ப்டார்' ஞாபகம் இருக்கும். வாங்குகிறவன்தான் உஷாராக இருக்கணும் என்று அர்த்தம். 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம், சில விலக்குகளோடு, அதைத்தான் சொன்னது. மீறி ஏமாந்தால் சிவில் கோர்ட். ஒரு மிக்ஸிக்கு யார் சார் வக்கீல் வைப்பார்கள்?

1952-ல் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குச் சட்டம் வந்தது. நல்ல விஷயம், ஆனால் போன காசை வாங்கித் தராது. அதற்கு 1986 டிசம்பர் 24-ல் ஜனாதிபதி ஒப்புதல் பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது. மாவட்ட மன்றத்தில் வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம்.

அதிலும் நம்மைப்போல ஊர் மாறுகிறவர்களுக்கு ஒரு முள். விற்றவர் தொழில் செய்யும் ஊரில் புகார் கொடுக்கணும், இல்லையென்றால் விவகாரம் எழுந்த ஊரில். எழுந்தது கோவையிலா நாக்பூரிலா என்பதே தனி வழக்காகிவிடும்!

2019-ல் புதுச் சட்டம் வந்து, 2020 ஜூலை 20-ல் அமலானது. இப்போது நாம் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ புகார் கொடுக்கலாம். முள்ளை எடுக்க 33 வருஷம்.

இதையெல்லாம் வீட்டம்மாவிடம் விளக்கினேன். "அது கிடக்கட்டும், ஃபிரிட்ஜ் பில்லை எங்க வெச்சீங்க?" என்றாள்.

தேடிக்கொண்டிருக்கிறேன்.