செகண்ட் ஹேண்ட் புரொஜெக்டரும் சாமிக்கண்ணு வின்சென்ட்டும்

தமிழ் சினிமா வரலாற்றை எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா ஆளுக்கொரு பதில் வரும். 1897ல சென்னை விக்டோரியா பப்ளிக் ஹால்ல எட்வர்ட்ஸ்ங்கிற வெள்ளைக்காரர் காட்டின அசையும் படம்னு ஒருத்தர் சொல்வார். நடராஜ முதலியாரோட கீசகவதம்னு இன்னொருத்தர். 1931 காளிதாஸ்னு மிச்சப் பேர். என்னைக் கேட்டா, 1905ல திருச்சியில நடந்த ஒரு பழைய மெஷின் வியாபாரத்துலேர்ந்து ஆரம்பிப்பேன்.

விற்றவர் டுபான்ட்ங்கிற பிரெஞ்சுக்காரர். ஊர் ஊராப் போய் படம் காட்டிக்கிட்டிருந்தவர், உடம்பு முடியாமப் போகவே எல்லாத்தையும் தள்ளிவிட்டுட்டு சொந்த நாட்டுக்குக் கிளம்பலாம்னு பார்த்தார். வாங்கினவர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூர்க்காரர், தென்னிந்திய ரயில்வேயில உத்தியோகம், வயசு 22. மெஷின், கூட சில படச்சுருள்கள் (இயேசு வாழ்க்கை பற்றின படம் அதுல ஒண்ணு), எல்லாம் சேர்த்து 2,250 ரூபாய்னு எழுதி வெச்சிருக்காங்க. அன்னிக்கு ஒரு ரயில்வே குமாஸ்தா சம்பளத்துல அது பல வருஷ வருமானம். வேலையையும் விட்டுட்டார்.

இதுல சினிமா ஆசையை விட எனக்குப் பெரிசாப் படுறது வேற விஷயம். ரிப்பேர்னா யார்கிட்ட போறது? சர்வீஸ் சென்டர் கிடையாது, ஸ்பேர் பார்ட்ஸ் கடை கிடையாது. பல்லுச் சக்கரம் ஒண்ணு தேஞ்சா கப்பல்ல எழுதிப் போட்டு மாசக் கணக்குல காத்திருக்கணும். விற்ற ஆளும் ஊரை விட்டுப் போயாச்சு. "ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க சார், ஏதாவது பிரச்னைன்னா கொண்டாங்க"ன்னு சொல்ல ஆள் இல்லை. அப்போ வாங்கினவரே மெக்கானிக் ஆகணும், ஆபரேட்டர் ஆகணும், டிக்கெட்டும் கிழிக்கணும்.

அதுவும் அந்தக் காலத்து மெஷின் லேசுப்பட்டதில்லை. படத்தைக் கையால சுத்தணும், விநாடிக்கு ஏறக்குறைய 16 ஃப்ரேம். கரண்ட் இல்லாத ஊர்ல வெளிச்சத்துக்கு சுண்ணாம்புக் கட்டி மேல எரிவாயுச் சுடரைப் பாய்ச்சி வர்ற லைம்லைட். அதுக்கு வாயு சிலிண்டர், இல்லேன்னா ஈதர் ஆவி. இந்த ஈதர் சமாச்சாரத்துலதான் 1897ல பாரிஸ்ல ஒரு தர்மச் சந்தையில தீப்பிடிச்சு நூறு பேருக்கு மேல செத்துப் போனாங்க. ஃபிலிமோ நைட்ரேட். பிடிச்சா தண்ணி ஊத்தினாலும் அணையாது, தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெச்சிருக்கும். இத்தனையையும் ஒரு துணிக் கூடாரத்துக்குள்ள வெச்சு ஓட்டணும். 1918ல வெள்ளைக்காரன் சினிமாட்டோகிராஃப் சட்டம் கொண்டு வந்ததும், அதுல தணிக்கையோட லைசென்ஸ், பாதுகாப்பு எல்லாம் இருந்ததும் சும்மா இல்லை.

வின்சென்ட் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு தென்னாடு முழுக்க சுத்தினார். அப்புறம் வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும். 1909ல சென்னையில எஸ்பிளனேடு பக்கம் கொட்டகை போட்டார். எங்க ஊர்க்காரங்களுக்காக ஒரு இடைச்செருகல்: அன்னிக்கு திருச்சியிலேர்ந்து சென்னைக்கு ரயில்னா தஞ்சாவூர், மாயவரம், கடலூர் சுத்தித்தான் விழுப்புரம் வரும். விருத்தாசலம் வழியா நேர்ப்பாதை வந்தது 1920களோட கடைசியில. ஆக, அவர் திருச்சியிலேர்ந்து அந்தப் பாதையில சென்னை போயிருந்தா விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் தாண்டித்தான் போயிருக்கணும். இறங்கிப் படம் காட்டினாரான்னு கேக்காதீங்க. ஆனா விழுப்புரம் அப்பவே பெரிய ஜங்ஷன், பாண்டிச்சேரிக்குக் கிளைப் பாதை 1879லயே போட்டாச்சு. நாலு திசை ஜனமும் கூடுற இடம். நானா இருந்தா இறங்கியிருப்பேன் :-)

அடுத்து அவர் செஞ்சதுதான் கெட்டிக்காரத்தனம். பிரான்ஸ் பதே கம்பெனியோட மெஷினுக்கு ஏஜென்ட் ஆனார். பழைய மெஷின் வாங்கின ஆளு புது மெஷின் விற்கிற ஆளா மாறிட்டார். கூடாரம் போட்டுப் படம் காட்ட ஆசைப்பட்டவங்களுக்கு மெஷினும் படமும் சப்ளை. 1914ல கோயம்புத்தூர்ல வெரைட்டி ஹால் கட்டினார், கரண்டை அவரே தயாரிச்சுக்கிட்டார். பிற்காலத்துல அதுதான் டிலைட் தியேட்டர். அந்தத் தெருவுக்கு இன்னிக்கும் வெரைட்டி ஹால் ரோடுன்னுதான் பேரு. 1933ல வள்ளி திருமணம் பேசும்படம் எடுத்ததுலயும் அவருக்குப் பங்கு உண்டு.

அதே காலத்துல சென்னையில ரகுபதி வெங்கையா, ஃபோட்டோ ஸ்டுடியோ வெச்சிருந்தவர், ஒலியும் படமும் சேர்ந்து வர்ற குரோனோமெகாஃபோன்ங்கிற புது மெஷினை 30,000 ரூபாய்க்கு வாங்கினார்னு சொல்வாங்க. ஷோரூம் சரக்கு. அவரும் ஊர் ஊராப் போனார், 1914ல கெயிட்டி தியேட்டர் கட்டினார். ரெண்டு பேருமே ஜெயிச்சாங்க. ஆனா என் மனசு அந்த 2,250 ரூபாய்ப் பக்கம்தான் சாயுது. பழைய இரும்பு மேல கிறுக்குப் பிடிச்சவனுக்கு வேற எப்படி இருக்கும்!

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம். சினிமா வியாபாரத்துல என்.எஸ்.சி.ன்னு ஒரு வார்த்தை கேள்விப்பட்டிருப்பீங்க. வடஆற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு, மூணும் சேர்ந்த விநியோக ஏரியா. விழுப்புரம் 1993ல தனி மாவட்டமாகிப் பல வருஷம் ஆனாலும் சினிமாக்காரங்க வாயில நாம இன்னும் 'எஸ்'தான். திண்டிவனம், மயிலம், செஞ்சி, விக்கிரவாண்டின்னு சுத்துப்பட்டுல வளர்ந்தவங்களுக்கு டெண்ட் கொட்டாயைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மணலைக் குமிச்சு உக்காந்தது, தரை டிக்கெட், முறுக்கு விக்கிற பையன்... கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சா நிக்காது, விட்டுடறேன். ஒரே ஒரு கேள்வி மட்டும். கொட்டாய்ல ஏன் அத்தனை இடைவேளை?

முறுக்கு விக்கறதுக்காக இல்லீங்க. பேசும்படம் விநாடிக்கு 24 ஃப்ரேம், ஒரு அடி ஃபிலிம்ல 16 ஃப்ரேம். அப்போ நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 15,000 அடி படம்னா ரெண்டே முக்கால் மணி நேரம். 2,000 அடி ஸ்பூல் 22 நிமிஷம்தான் தாங்கும். டவுன் தியேட்டர்ல ரெண்டு மெஷின் இருக்கும், ஒண்ணு முடியறப்போ இன்னொண்ணை ஸ்டார்ட் பண்ணிடுவாங்க, நமக்குத் தெரியாது. கொட்டாய்க்காரர்கிட்ட ஒரே மெஷின், அதுவும் எங்கேயோ டவுன் தியேட்டர்ல கழிச்சுப் போட்டது. என்னதான் ஸ்பூலைப் பெரிசா மாட்டினாலும் மூணு தடவையாவது நிறுத்தித்தான் ஆகணும். அந்த மெஷின் படுத்துட்டா அன்னிக்கு வசூல் கோவிந்தா. அதனால ஆபரேட்டருக்கு ஓட்டத் தெரிஞ்சா மட்டும் போதாது, அரை மணி நேரத்துல பிரிச்சு மாட்டவும் தெரிஞ்சிருக்கணும். வெளியில விசில் பறந்துக்கிட்டிருக்கும். 1973ல ராஜராஜ சோழன் சினிமாஸ்கோப்ல வந்தப்புறம் இன்னொரு செலவு சேர்ந்துச்சு. ஸ்கோப் லென்ஸ் இல்லாம ஸ்கோப் படத்தை ஓட்டினா திரையில எல்லாரும் குச்சி மாதிரி நெட்டையா நிப்பாங்க!

இந்த மெஷின்களுக்கு முடிவு வந்தது டிஜிட்டல்ல. சென்னையிலேயே உருவான க்யூப் மாதிரியான முறைகள் 2000களின் நடுவுல நுழைஞ்சு, அடுத்த பத்து வருஷத்துக்குள்ள ஃபிலிம் பெட்டியையே ஒழிச்சுக் கட்டிடுச்சு. 2012 ஜனவரியில கோடக் திவால் மனு போட்டது, 2013ல ஃபுஜி சினிமா ஃபிலிம் தயாரிப்பை நிறுத்திடுச்சு. தியேட்டர் கல்யாண மண்டபம் ஆச்சு. மெஷின்? கிலோ கணக்குல காயலாங்கடைக்கு.

அப்படி எடைக்குப் போகவிருந்த ஒண்ணைப் பத்தி மயிலம் பக்கத்துலேர்ந்து தகவல் வந்துச்சு. கொட்டாய் நடத்தினவர் காலமாயிட்டார், மகனுக்கு அந்த ஷெட்டைக் காலி பண்ணணும். பழைய ஆபரேட்டர் ஒருத்தரை, எனக்கு அண்ணன் மாதிரி, கூட்டிக்கிட்டுப் போனேன். அங்க கத்துக்கிட்டதை எழுதி வெக்கிறேன், யாருக்காவது உதவும்.

நான் போனதும் பளபளன்னு இருக்கான்னு பார்த்தேன். அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. நேரா ஒரு சின்ன பல்சக்கரத்துல விரலை வெச்சு முன்னும் பின்னும் ஆட்டினார். "தம்பி, இதுதான் உசுரு. இது ஆடினா படம் ஆடும்"னார். ஜெனீவா கிராஸ்னு சொல்ற பாகம் அது. நாலு வெட்டு வெட்டின ஒரு சிலுவை, பக்கத்துல ஒரு முளை வெச்ச சக்கரம். சக்கரம் ஒரு சுத்து சுத்தினா சிலுவை கால் சுத்துதான் நகரும், மிச்ச நேரம் பூட்டின மாதிரி நிக்கும். அந்தச் சிலுவையோட அச்சுல இருக்கிற பல்சக்கரத்துக்கு 16 பல். கால் சுத்துக்கு நாலு பல், ஒரு ஃப்ரேமுக்கு நாலு ஓட்டை. கணக்கு கச்சிதம். ஃபிலிம் டக்குனு ஒரு ஃப்ரேம் இறங்கி நிக்கும், நிக்கிறப்போ மட்டும் வெளிச்சம் விழும். இதையே விநாடிக்கு 24 தடவை, தினம் ரெண்டு ஆட்டம், முப்பது நாப்பது வருஷம். ஆயில் ஊத்தாம ஓட்டியிருந்தா அந்த முளை தேஞ்சிருக்கும். தேஞ்சா புதுசு கிடைக்காது, லேத்துல கடைசல் பண்ணி வாங்கறதும் சுலபமில்ல, நுணுக்கம் அப்படி. எங்க நல்ல நேரம், மூடியைத் திறந்தா உள்ளே பழைய ஆயில் மெழுகு மாதிரி உறைஞ்சு கிடந்தது. அதுதான் காப்பாத்தியிருக்கு. மண்ணெண்ணெய் விட்டு ஊற வெச்சு மூணு நாள் கழிச்சுத்தான் கையால சுத்தினோம். அவசரப்பட்டு மோட்டாரைப் போட்டிருந்தா உடைஞ்சிருக்கும்னார் அண்ணன்.

அப்புறம் பல்லு. கொக்கி மாதிரி வளைஞ்சிருந்தா ஃபிலிம் ஓட்டையைக் கிழிக்கும். எங்களதுல மேல் சக்கரம் அப்படித்தான் இருந்தது. அதைக் கழட்டித் திருப்பி மாட்டினார், தேயாத பக்கம் வேலைக்கு வந்துடுச்சு!

லேம்ப் ஹவுஸ்ல கவனமா இருங்க. பழசுல சூடு தாங்க ஆஸ்பெஸ்டாஸ் போட்டிருப்பாங்க, ஊதித் துடைக்கிற வேலை வெச்சுக்காதீங்க. கார்பன் குச்சி மாடலா இருந்தா ரெண்டு குச்சிக்கு நடுவுல தீப்பொறி எரியும். பாசிட்டிவ் சீக்கிரம் கரையறதால அதைத் தடிமனாச் செய்வாங்க. இப்போ அந்தக் குச்சிக்கு எங்க போறது? நாங்க எல்.இ.டி. வெச்சுட்டோம். செனான் பல்ப் மாடல் வந்தா இன்னும் ஜாக்கிரதை, ஆறிக் கிடக்கும்போதே உள்ளே அழுத்தம் இருக்கும், கண்ணாடி முகமூடி இல்லாம தொடாதீங்க. லென்ஸ் இருக்கான்னு முதல்லயே கேட்டுடுங்க. கேமராக்காரங்க தேடி வாங்கறதால பல பேர் லென்ஸைத் தனியா வித்துட்டு மெஷினை மட்டும் காட்டுவாங்க.

விலை பேசறப்போ அந்த மகன் காயலாங்கடைக்காரர் சொன்ன எடை விலையைச் சொன்னார். நாங்க அதுக்கு மேல கொஞ்சம் வெச்சோம். பணத்தை எண்ணி வாங்கினதும், "அப்பா இதுக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பொட்டு வெப்பார்"னு சொல்லிட்டு, நாலு பேரோட சேர்ந்து வண்டியில ஏத்திவிட்டார். தலைப்பாகத்துல தடவிப் பார்த்தேன், குங்குமம் எண்ணெயோட சேர்ந்து கட்டியா இருந்தது. சுரண்டலை.

படம் இப்போ நிக்குது. சத்தம்தான் இன்னும் வரலை. ஒலிப் பட்டை, படத்துக்கு 20 ஃப்ரேம் தள்ளி முன்னாடியே பதிவாகியிருக்கும். கீழே தனியா ஒரு சின்ன பல்ப் அது மேல வெளிச்சம் பாய்ச்சும், மறுபக்கம் ஃபோட்டோ செல் அதை மின்சாரமா மாத்தும். அந்த பல்ப், எக்ஸைட்டர் லேம்ப், ஃபிலமென்ட் நேரா, ஆடாம நிக்கிற ரகமா இருக்கணும். கார் ஹெட்லைட் பல்ப் போட்டுப் பார்த்தோம், சிவாஜி தண்ணிக்கடியில பேசற மாதிரி இருக்கு. விழுப்புரம், பாண்டி ரெண்டு பக்கமும் எலெக்ட்ரிக்கல் கடை பூரா கேட்டாச்சு. யார் வீட்டுப் பரண்லயாவது பழைய 16 எம்.எம். மெஷின் பல்ப் கிடந்தாக்கூட ஒரு வார்த்தை சொல்லுங்க, அண்ணன் மாத்தி மாட்டற வழி வெச்சிருக்காராம்.