1769: உடன்படிக்கையும் நூற்பொறியும்

ஹிஜ்ரி 1182 நிறைவுற்று 1183 பிறந்த ஆண்டு, கி.பி. 1769. தமிழக முஸ்லிம்களின் நினைவில் அது ஹைதர் அலீயின் ஆண்டு. 1768இல் கும்பினிப் படை சேலத்தையும் ஈரோட்டையும் கோயம்புத்தூரையும் கைப்பற்றியிருந்தது. சில மாதங்களில் கொங்கு நாட்டை மீட்ட ஹைதர், 1769 மார்ச்சில் குதிரைப் படையுடன் சென்னையின் வாசலில் வந்து நின்றார். ஏப்ரலில் கும்பினியார் உடன்படிக்கைக்கு இசைந்தனர். இரு தரப்பாரும் வென்ற ஊர்களைத் திருப்பியளித்தனர். கரூர் மட்டும் ஹைதரிடமே நின்றது.

அதே ஆண்டில் போர்க்களத்துக்கு அப்பால் நிகழ்ந்தவற்றை நம் வரலாற்று நூல்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஜனவரி 5 அன்று இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட், நீராவிப் பொறியின் எரிபொருள் செலவைக் குறைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஜூலையில் ரிச்சர்ட் ஆர்க்ரைட் தம் நூற்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். வெவ்வேறு வேகத்தில் சுழலும் உருளைகள் பஞ்சிழையை இழுத்து முறுக்கேற்றின. பாவுக்குத் தாங்கும் உறுதியான பருத்தி நூலை நீர்ச் சக்கரத்தின் விசையாலேயே நூற்க வழி பிறந்தது.

இவ்விரண்டுக்கும் இடையே, ஜூன் தொடக்கத்தில், சூரியனின் முகத்தை வெள்ளிக் கோள் கடந்தது. அக்காட்சியைப் பல இடங்களிலிருந்து அளந்தால் சூரியனின் தொலைவைக் கணிக்கலாம். அதற்காகவே கேப்டன் குக் தாஹிதித் தீவில் இருந்தார். பிரெஞ்சு வானியலறிஞர் லெ ஜென்டீல் புதுச்சேரியில் காத்திருந்தார். ஜூன் 4 காலை மேகம் மறைத்ததால் அவர் எதையும் காணவில்லை. எனினும் பிற இடங்களின் அளவுகளைக் கொண்டு அத்தொலைவு ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் எனக் கணிக்கப்பட்டது.

இவை யாவும் நமக்கு அந்நியமான அறிவு என எண்ணிவிடலாகாது. வெள்ளியைச் சூரியன் மீது ஒரு மச்சம் போலக் கண்டதாக இப்னு ஸீனா பதினோராம் நூற்றாண்டிலேயே எழுதியுள்ளார். புதுச்சேரியில் லெ ஜென்டீல் கற்ற தமிழர் கணித முறை, 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவை 41 வினாடி மட்டுமே குறைத்துக் காட்டியது. ஐரோப்பாவின் புகழ்பெற்ற மாயர் அட்டவணையோ 68 வினாடி மிகுத்துக் காட்டியது. மைசூரின் இரும்புக் குழல் ராக்கெட்டுகள் 1780இல் பொள்ளிலூரில் கும்பினிப் படையைக் கலங்கடித்தன. பின்னர் அவற்றை ஆராய்ந்து, மேம்படுத்தி, நூலும் எழுதியவர் இங்கிலாந்தின் வில்லியம் காங்கிரீவ்.

திறமை இங்கும் இருந்தது. அதைப் பதிவு செய்யவும், பிறர் சோதிக்கக் கொடுக்கவும், அடுத்த தலைமுறையின் கையில் சேர்க்கவும் உரிய ஏற்பாடே இல்லாதிருந்தது. கணிதம் பரம்பரைக்குள்ளும் கைத்திறன் பட்டறைக்குள்ளும் தங்கிவிட்டன.

அதன் விலையைக் கொங்கு நாடு கொடுத்தது. ஹைதர் மீட்ட கோயம்புத்தூர் 1799இல் திப்பு சுல்தான் ஷஹீதானதும் கும்பினியார் கைக்குப் போயிற்று. வாளின் வெற்றி 30 ஆண்டுகளே நின்றது. ஆர்க்ரைட்டின் வழிவந்த இயந்திரங்களின் நூலோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் தறிகளுக்குக் கப்பலேறி வந்தது. வீட்டு முற்றத்தில் ராட்டை சுற்றிய பெண்களின் பிழைப்பு ஓய்ந்தது. பஞ்சு கொட்டும் தொழிலில் நம்மவரும் இருந்தனர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

1888இல் ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலை கோவையில் நிறுவப்பட்டது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பின் ஆலைகள் பெருகின. ஆர்க்ரைட்டின் பொறியைச் சுழற்றிய அதே நீரின் விசை, நீலகிரி அருவியிலிருந்து மின்சாரமாக இறங்கி வந்தது. நூற்றறுபது ஆண்டுத் தாமதம் அது.

ஹைதரின் வீரத்தைப் போற்றுவது நம் கடமை. ஆயினும், ஓதுதலையும் எழுதுகோலையும் முன்னிறுத்திய வஹீயைத் தொடக்கமாகக் கொண்ட சமுதாயம், ஓர் ஆண்டின் பெருமையைப் போரையும் உடன்படிக்கையையும் கொண்டு மட்டும் அளப்பது தகாது. அவ்வாண்டில் என்ன கற்றோம், அதை எங்கே எழுதி வைத்தோம் என்று கேட்பதே முறையான கணக்கெடுப்பாகும்.