ஃப்ளஷ் டேங்க் ஒழுக்கு

கழிப்பறையில் தண்ணீர் விட்டு முடித்த பிறகும் தொட்டியிலிருந்து கோப்பைக்குள் நீர் நில்லாமல் இறங்கிக்கொண்டே இருக்கும் பழுது இது. மிதவை சரியாக அடைக்காமல் நீர்மட்டம் ஏறி ஓவர்ஃப்ளோ குழாய் வழியே வடிவது ஒரு வகை; தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தோ விறைத்தோ கசிவது இன்னொரு வகை. பொதுவாக வீட்டாரின் கவனக்குறைவே காரணம் என்பார்கள். வரலாற்றைப் பார்த்தால் பழி பெரிதும் தொட்டியின் அமைப்பையே சேரும்.

1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற கழிப்பறையிலும், 1778இல் ஜோசப் பிராமா திருத்தியமைத்ததிலும் கோப்பையின் அடியில் ஒரு வால்வு நீரைத் தாங்கி நின்றது. அடியில் அடைத்து வைக்கும் எந்த வால்வும் நாளடைவில் கசியும். ஊருக்கே தண்ணீர் கொடுத்த நிறுவனங்களுக்கு இந்த விரயம் பெருங்கவலையாக இருந்ததால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சைஃபன் தொட்டி பரவியது. ஆல்பர்ட் கிப்லின் 1898இல் பெற்ற காப்புரிமையின் பெயரிலேயே 'வால்வில்லாத' என்ற சொல் உண்டு. கழிப்பறையைக் கண்டுபிடித்தவராகப் பலர் தவறாகச் சொல்லும் தாமஸ் கிராப்பர், இந்தத் தொட்டியை விற்றவர். சைஃபனில் தண்ணீர் வளைவைத் தாண்டி ஏறினால்தான் இறங்கும். கசிவதற்கு அடியில் ரப்பரே இல்லை. பழுதானால் தண்ணீர் இறங்காது, உடனே தெரிந்துவிடும். நம் ஊர்க் கழிப்பறைகளில் உயரத்தில் மாட்டி, சங்கிலியை இழுத்துவிடும் இரும்புத் தொட்டியும் இந்த மரபினதே. பிரிட்டன் 1999ஆம் ஆண்டு விதிகளில்தான் பிடியைத் தளர்த்தி, 2001 முதல் வால்வு தொட்டிகளை அனுமதித்தது. அது பின்னடைவு.

வால்வு இருந்தால்தானே பாதி ஃப்ளஷ் முடியும், அதில் தண்ணீர் மிச்சமாகுமே என்பது எதிர்வாதம். ஆஸ்திரேலியாவில் 1980இல் கரோமா நிறுவனம் இரட்டை ஃப்ளஷைக் கொண்டுவந்தது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். ஆனால் 6 லிட்டருக்குப் பதில் 3 லிட்டர் விடும் வீட்டில் நாளைக்கு இருபது முறை பயன்படுத்தினாலும் மிச்சம் 60 லிட்டர்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்று ஓசையில்லாமல் இறங்கும் கசிவு ஒரே நாளில் 144 லிட்டரை விழுங்கிவிடும். ரப்பரை மாற்றினால் போயிற்று என்றும் சொல்வார்கள். கசிவதை யாராவது கண்டுபிடித்தால்தானே மாற்ற முடியும்? சமவெளி வீட்டில் மோட்டார் அடிக்கடி ஓடுவது காட்டிக்கொடுக்கும். மூணாறு அருகேயுள்ள மாட்டுப்பட்டி போன்ற மலையூர்களில் ஊற்றுநீர் குழாய் வழியே தானாகச் சரிவில் இறங்கும் வீட்டுக்கு அந்த அறிகுறியும் இல்லை. 10 மீட்டர் இறக்கத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ என்ற கணக்கில் அழுத்தம் கூடுவதால் மிதவை வால்வு திணறும்; நுண்மணலும் இலைத்துகளும் அதில் சிக்கும். பக்கத்திலேயே நிற்கும் மாட்டுப்பட்டி அணையின் நீர் மின்சாரத்துக்கானது. கோடையில் வீட்டுக்கு உதவுவது மெலிந்த ஊற்றுதான்.

பழுதைக் கண்டறிய, தொட்டி நீரில் கேசரிப் பவுடரைக் கரைத்து அரைமணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட வேண்டும். கோப்பையில் நிறம் தெரிந்தும் நீர்மட்டம் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்குக் கீழேயே இருந்தால், அடி ரப்பரே காரணம். வாயைத் தொட்டு வழிந்தால், தொட்டிக்கு நீர் விடும் ஆங்கிள் காக் வால்வை அடைத்து மிதவை வால்வைக் கழற்றிக் கழுவி, மட்டம் ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி மிதவையை இறக்க வேண்டும். இன்று பிளாஸ்டிக் வால்வு தொட்டிகளே பரவலாக உள்ளன. சுவருக்குள் பதிக்கும் வகையும் உண்டு.