சுவரில் தீட்டிய பதில்: நீலகிரிக் குறும்பர் ஓவியம்

ஓவியம் என்றதும் மைசூர்வாசிகளான நமக்கு நினைவு வருவது தங்க ரேக்கு ஒட்டிய மைசூர் ஓவியமும் நம்ம தஞ்சாவூர் ஓவியமும்தான். இரண்டும் அரசர் ஆதரவில் வளர்ந்தவை. எந்த அரசரின் ஆதரவும் இல்லாமல் பிழைத்த ஓவியம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் குடியிருக்கும் மண்டி மொஹல்லாவிலிருந்து கிளம்பி ஊட்டி பஸ் ஏறி, அப்படியே கோத்தகிரி போனால் ஆலு குறும்பர்களின் மலைக் கிராமங்கள் வந்துவிடும்.

செம்மண், வெள்ளை மண், மரப்பட்டைச் சாறு, பச்சிலை: இவைதான் அவர்களுடைய வண்ணங்கள். திருவிழா நாட்களில் கோயில் சுவரிலும் வீட்டுச் சுவரிலும் வரைவது வழக்கம்.

19ஆம் நூற்றாண்டில் குறும்பர்களைப் பற்றி மற்றவர்களே எழுதினார்கள். "மாந்திரீகம் செய்பவர்கள்" என்று பேர் வைத்தார்கள். அந்தப் பழியைச் சொல்லியே அவர்களைக் கொன்றதும் உண்டு. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டின் மீது அரசின் பிடியை இறுக்கியது. பலர் தோட்டக் கூலிகள் ஆனார்கள்.

இதற்கெல்லாம் பதில் அவர்களுடைய ஓவியத்தில் இருக்கிறது. வெள்ளரிக்கொம்பையைச் சேர்ந்த ஆர். கிருஷ்ணன், தாத்தாவிடம் கற்ற கலையைச் சுவரிலிருந்து தாளுக்கும் துணிக்கும் கொண்டுவந்தார். பாறையில் கொடி கட்டி இறங்கித் தேன் எடுப்பவர், விதைப்பு, கூத்து என்று வரைந்தார். மாந்திரீகர் அங்கே இல்லை. உழைக்கிற குடும்பம்தான் இருக்கிறது. அவர் மறைந்த பின், 2026இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஓவியம் உரிமைப் பத்திரமாகவும் ஆகும். ஆஸ்திரேலியாவில் 1963இல், தங்கள் நிலத்தில் சுரங்கம் வருவதை எதிர்த்த யோல்ங்கு மக்கள், மரப்பட்டையில் ஓவியம் தீட்டி அதன் நடுவே மனுவை ஒட்டி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சுரங்கம் நிற்கவில்லை. ஆனாலும் 1976இல் வந்த நில உரிமைச் சட்டத்துக்கு அந்த மனு வழி திறந்தது.

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகளின்படி ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியும் சான்றாகும். ஆகவே படம் விற்பனையானால் மட்டும் போதாது. அதிலுள்ள தேன் பாறையைக் காட்டி, "இது எங்க பாட்டன் இறங்கின பாறை" என்று சொல்லவும், அங்கே போய்வரவும் அவர்கள் பிள்ளைகளுக்கு உரிமை வேண்டும். அடுத்த முறை ஊட்டிக்குப் போகும் நம் குடும்பங்கள் அந்தப் படத்தை வாங்கட்டும். வரைந்தவர் பெயரையும் ஊரையும் கேட்டுப் பின்புறம் எழுதி வைக்கட்டும்.