இரண்டு பேர், முப்பது நிமிடம்: கேமராவுக்கு அனுமதிச் சீட்டு கேட்ட நகரம்

2007ஆம் ஆண்டு கோடையில் நியூயார்க் மாநகர நிர்வாகம் ஒரு வரைவு விதியை மக்கள் கருத்துக்கு வைத்தது. நகரத்துக்குச் சொந்தமான பொது இடம் ஒன்றில் இரண்டு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் கேமராவைப் பயன்படுத்தினால் முன்அனுமதி வாங்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட குழு ட்ரைபாட் வைத்துப் படம் எடுத்தால் கெடு 10 நிமிடம்தான். கருவிகளைப் பொருத்தும் நேரமும் அந்தப் பத்துக்குள் அடக்கம். அனுமதிக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் 10 லட்சம் டாலருக்குப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.

மேலோட்டமாகப் படித்தால் ஏதோ போக்குவரத்து ஒழுங்கு விதி போலத்தான் தெரியும். எந்த இனத்தின் பெயரும் அதில் இல்லை. ஏழை, பணக்காரர் என்ற சொல்லும் இல்லை. ஆள் கணக்கும் நிமிடக் கணக்கும் மட்டும்தான். நடுநிலையாகத் தோன்றும் இப்படிப்பட்ட விதிகள் யார் மீது போய் விழுகின்றன என்று கேட்கப் பழக வேண்டும் என்பதால்தான் இந்தக் கதையை இங்கே எழுதுகிறேன். இதன் தொடக்கத்தில் இருப்பவர் ஓர் இந்தியர்.

விதி எங்கே இருக்கிறது?

ராகேஷ் சர்மாவை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2002 குஜராத் வன்முறையைப் பற்றிய 'ஃபைனல் சொல்யூஷன்' ஆவணப்படத்தை எடுத்தவர். அந்தப் படத்தை 2004இல் நம் தணிக்கை வாரியம் முதலில் தடை செய்தது. எதிர்ப்பு வலுத்த பிறகே விட்டுக்கொடுத்தது.

2005 மே மாதம் அவர் நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில், டாக்சி ஓட்டுநர்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்காகத் தெருவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். கையில் சிறிய வீடியோ கேமரா மட்டும்தான். போலீஸ் அவரை மணிக்கணக்கில் பிடித்து வைத்து விசாரித்தது. படம் எடுக்க அனுமதி வேண்டும் என்றது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்தைய நியூயார்க் அது. உயரமான கட்டடங்களுக்கு அருகே கேமராவோடு நிற்கும் பழுப்பு நிறத் தோல்காரர் போலீஸ் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருப்பார் என்பதை ஊகிப்பது கடினமல்ல. பின்னர் அவர் முறைப்படி விண்ணப்பித்தபோது அனுமதியும் மறுக்கப்பட்டது.

நகரத்தில் படப்பிடிப்பு அனுமதிக்கென்று 1966 முதல் மேயரின் கீழ் ஓர் அலுவலகம் இயங்கி வந்தது. ஆனால் யாருக்கு அனுமதி தேவை, யாருக்குத் தேவையில்லை என்று முறையாக அறிவிக்கப்பட்ட விதி எதுவும் அதனிடம் இல்லை. நாற்பது ஆண்டுகளாக வழக்கம்தான் சட்டம். தெருவில் நிற்கும் போலீஸ்காரர் சொன்னதுதான் வழக்கம். 2006 ஜனவரியில் நியூயார்க் குடியுரிமைகள் ஒன்றியம் சர்மாவின் சார்பில் வழக்குத் தொடுத்தது. 2007இல் நகரம் சமரசத்துக்கு வந்து, இழப்பீடு தரவும் எழுத்து வடிவில் விதி வகுக்கவும் ஒப்புக்கொண்டது.

அப்படி எழுதப்பட்டதுதான் மேலே சொன்ன வரைவு. விதி இல்லையே என்று வழக்குப் போட்டவருக்குக் கிடைத்த பதில், எல்லோரையும் வளைக்கிற ஒரு விதி.

எதிர்ப்பு கிளம்பியதும் அதிகாரிகள் ஒரு விளக்கம் சொன்னார்கள்: சுற்றுலா வரும் குடும்பங்களையும், பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களையும் இந்த விதி குறிவைக்கவில்லை. விதியைவிட ஆபத்தானது இந்த விளக்கம்தான். எழுத்தில் எல்லோருக்கும் பொருந்தும், நடைமுறையில் சிலருக்கு மட்டும் என்றால், அந்தச் சிலர் யார் என்று முடிவு செய்வது யார்? சர்மாவைப் பிடித்து வைத்த அதே போலீஸ்தான்.

ஐந்து சென்ட் கடற்கரை

நியூயார்க் ஏழைகளின் கடற்கரை கோனி ஐலண்ட். 1920இல் சுரங்க ரயில் அங்கே போய்ச் சேர்ந்தது. 5 சென்ட் கட்டணத்தில் துணி ஆலைத் தொழிலாளியும் குடியேறிகளின் குடும்பங்களும் கடலைப் பார்க்க முடிந்தது. 1938 முதல் அந்தக் கடற்கரை நகரப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கிறது.

உழைக்கும் மக்கள் ஓய்வெடுக்கும் முகத்தை உலகம் பார்த்தது பெரும்பாலும் அங்கே எடுத்த படங்களில்தான். கையடக்கக் கேமரா அதைச் சாத்தியமாக்கியது. 1888இல் வந்த முதல் கோடக் கேமராவின் விலை 25 டாலர். 1900இல் அதே நிறுவனம் விட்ட பிரவுனி ஒரு டாலர். வசதியுள்ளவர் வீட்டுக் கூடத்தில் இருந்த ஒளிப்படக் கலை பன்னிரண்டே ஆண்டுகளில் தெருவுக்கு இறங்கிவிட்டது. 1940 ஜூலையில் வீஜி எடுத்த படம் ஒன்று உண்டு. மணல் தெரியாத அளவுக்கு மக்கள் நிறைந்த கோனி ஐலண்ட், அத்தனை பேரும் கேமராவை நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

1936இல் நியூயார்க்கில் 'போட்டோ லீக்' என்ற கூட்டமைப்பு உருவானது. தொழில்முறைக் கலைஞர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து படித்த இடம் அது. தாங்கள் வாழ்ந்த தெருக்களையும், ஹார்லெம் போன்ற கறுப்பின மக்களின் குடியிருப்புகளையும் பதிவு செய்தார்கள். 1947இல் அமெரிக்க அரசு தலைமை வழக்கறிஞரின் 'தேசவிரோத' அமைப்புகள் பட்டியலில் அதன் பெயர் ஏறியது. 1951இல் லீக் கலைந்தது.

அந்த லீக்கில் வளர்ந்தவர் மாரிஸ் எங்கல். மனைவி ரூத் ஆர்கின், நண்பர் ரே ஆஷ்லி ஆகியோருடன் சேர்ந்து அவர் எடுத்த 'லிட்டில் ஃப்யூஜிட்டிவ்' 1953இல் வெளிவந்தது. வீட்டை விட்டு ஓடி கோனி ஐலண்டில் சுற்றும் ஒரு சிறுவனின் கதை. தோளில் மாட்டிக்கொள்ளும்படி தனியாகச் செய்த சிறிய 35 மி.மீ. கேமராவோடு, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து எடுத்தார்கள். வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் வென்றது. பிரெஞ்சுப் புதிய அலை சினிமாவுக்கு முன்னோடி என்று த்ரூஃபோவே சொன்னார்.

2007 வரைவை எங்கல் குழுவின் மீது பொருத்திப் பாருங்கள். இரண்டு பேருக்கு மேல், அரை மணிக்கு மேல், ஒரே கடற்கரை. 10 லட்சம் டாலர் காப்பீட்டுக்கு எங்கே போவார்கள்? பெரிய ஸ்டுடியோவுக்கு அது செலவுக் கணக்கில் இன்னொரு வரி. கல்லூரி மாணவருக்கு அது பூட்டிய கதவு. சென்ட்ரல் பார்க்கில் ட்ரைபாடோடு மணிக்கணக்கில் பருந்துக்காகக் காத்திருக்கும் பறவை ஆர்வலர்களுக்கும் அதே கதிதான்.

சாட்சியும் கேமராதான்

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 2004 ஆகஸ்ட் இறுதியில் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு நியூயார்க்கில் நடந்தபோது, போராடிய 1,800க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். பெரும்பாலான வழக்குகள் பின்னர் நிற்கவில்லை. சில வழக்குகளில் போலீஸ்காரர் சத்தியம் செய்து சொன்னது ஒன்று, அங்கே நின்ற சாதாரண மக்கள் எடுத்த வீடியோ காட்டியது வேறொன்று. அந்த வீடியோக்களால் வழக்குகள் உடைந்தன.

ஒரு கைது 30 நிமிடத்தில் முடிந்துவிடாது. ஒரு போராட்டத்துக்கு யாரும் தனியாகப் போவதும் இல்லை. 'இரண்டு பேர், அரை மணி' என்ற அளவுகோல் 2004இல் இருந்திருந்தால், அந்த வீடியோக்களை எடுத்தவர்களையே முதலில் அப்புறப்படுத்த அது போலீஸுக்குக் கைகொடுத்திருக்கும்.

நமக்கு இது அந்நியமான கதை இல்லை. பொதுக் குளங்கள் எல்லோருக்கும் உரியவை என்று பம்பாய் சட்ட மேலவை 1923இல் தீர்மானம் போட்டது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானோரும் மகத்தின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்த வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. 'பொது' என்று காகிதத்தில் இருப்பது வேறு, அங்கே போய் நிற்க முடிவது வேறு என்பதற்காகச் சொல்கிறேன்.

என்ன வென்றார்கள்?

'பிக்சர் நியூயார்க்' என்ற பெயரில் ஒளிப்படக்காரர்களும் சுயாதீனத் திரைக்கலைஞர்களும் திரண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். ஒரு நகைச்சுவைக் குழு விதியைக் கிண்டலடித்து ராப் வீடியோ போட்டது. ஆகஸ்டில் நகரம் வரைவைத் திரும்பப் பெற்று, மாற்றி எழுதுவதாக அறிவித்தது.

2008இல் நடைமுறைக்கு வந்த விதியைப் பாருங்கள். ஆள் கணக்கு இல்லை. நிமிடக் கணக்கு இல்லை. கைக்கேமராவோ ட்ரைபாடோ வைத்திருப்பவருக்கு, பொது இடத்தைத் தனக்கு மட்டும் என்று வளைத்துக்கொள்ளாத வரை, அனுமதி தேவையில்லை. வளைப்பது என்றால் என்ன என்பதும் அளவோடு சொல்லப்பட்டது: நடைபாதையில் 8 அடி அல்லது பாதி அகலம், இரண்டில் எது அதிகமோ அது நடப்பவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். நீ யார், எதற்கு எடுக்கிறாய் என்று கேட்கத் தேவையில்லை. டேப் வைத்து அளந்தால் போதும்.

படத்தில் இருப்பவரின் உரிமை

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கடற்கரையில் குளிக்கும் பெண், பூங்காவில் தூங்கும் வீடற்றவர், இவர்களை யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாமா? இந்தக் கோபம் கேமரா தெருவுக்கு வந்தபோதே வந்துவிட்டது. அனுமதியின்றி எடுப்பவர்களைக் 'கோடக் பிசாசுகள்' என்று அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகள் திட்டின. 1902இல் ஓர் இளம்பெண் தன் படத்தைக் கேட்காமல் மாவு விளம்பரத்தில் போட்டதற்காகப் போராடி, நியூயார்க் உச்ச மேல்முறையீட்டு மன்றத்தில் தோற்றார். மக்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே, எழுத்துபூர்வ சம்மதமின்றி ஒருவரின் பெயரையோ படத்தையோ விளம்பரத்துக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டம் கேமராவைத் தடுக்கவில்லை. இன்னொருவர் முகத்தை விற்பதைத் தடுத்தது.

நம் முன்னோரும் சம்மதமின்றிப் படமாக்கப்பட்டவர்கள்தான். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' நூலில் பிரிட்டிஷ் அரசு இந்தியர்களைச் சாதி, பழங்குடி என்று வகைபிரித்து அச்சிட்டது. எனவே கேமராவின் வன்முறை நமக்குத் தெரியும். அதற்கு மருந்து, எடுக்கப்படுபவரின் சம்மதத்தைக் காப்பது. அனுமதிச் சீட்டு அந்த வேலையைச் செய்வதில்லை. சீட்டு வாங்கிய விளம்பர நிறுவனம் வீடற்றவரைப் படம் எடுத்துக்கொண்டு போகலாம். சீட்டு இல்லாத வீடற்றவர், தன்னை விரட்டும் காவலரைப் படம் எடுக்க முடியாது.

இன்னொரு பதினேழு ஆண்டு

அமெரிக்க தேசியப் பூங்காக்களில் இதே சண்டை நீண்டது. அங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, வணிக நோக்கில் வீடியோ எடுத்தால் அனுமதியும் கட்டணமும் உண்டு. வர்ஜீனியாவில் ஒரு போர்க்களப் பூங்காவில் சிறு குழுவோடு படம் எடுத்த கார்டன் பிரைஸ் என்ற சுயாதீனத் திரைக்கலைஞர் நீதிமன்றம் போனார். 2021இல் வென்றார். 2022இல் மேல்முறையீட்டில் தோற்றார். ஆனால் 2025 ஜனவரியில் கையெழுத்தான புதிய சட்டம், ஆறு பேருக்குக் குறைவான குழு, இடத்தை வளைக்காமலும் சேதப்படுத்தாமலும் எடுத்தால் அனுமதி தேவையில்லை என்றது. பணம் வருகிறதா இல்லையா என்ற கேள்வியும் போய்விட்டது.

இளம் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூங்காவிலோ கடற்கரையிலோ "இங்கே படம் எடுக்கக் கூடாது" என்று யாராவது சொன்னால், எந்த விதி, எந்த எண், யார் கையெழுத்து என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுத்தாகக் கேளுங்கள். விதி இருந்தால் அது எதை அளக்கிறது என்று பாருங்கள்: அடைபட்ட பாதையையா, நிற்கும் ஆளையா? வரைவு விதிகளுக்கு ஆட்சேபணை கேட்டு அரசிதழிலும் நாளிதழின் ஓரத்திலும் அறிவிப்பு வரும்போது அதைத் தாண்டிப் போகாதீர்கள். நியூயார்க்கில் அந்த விதி மாறியது அறிவிப்பு திறந்திருந்த சில வாரங்களுக்குள்தான்.