பத்தாம் எண் வீடும் திதோ எழுத்தும்

சென்ற சித்திரையில் அம்பத்தூரில் எங்கள் வீட்டிலேயே பேத்திக்குக் காதணி விழா வைத்தோம். பத்து மணிக்கு வரவேண்டிய பூந்தமல்லி நண்பர், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பந்தி முடிகிற நேரத்தில் வியர்த்து விறுவிறுத்து வந்தார். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர்தான் கூட்டிவந்தார்.

"சார், உங்க தெருவுல மொத்தமே நாப்பது வீடுதான். 111ஐ எங்க போய்த் தேடறது?" என்றார்.

எங்கள் கதவு எண் 10. பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். அவர் மேல் தவறே இல்லை. தவறு என் பிரெஞ்சுப் பாசத்தில் இருந்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். மையில் தொட்டு எழுதும் இரும்பு நிப்பு. கீழே இழுக்கும்போது அழுத்தினால் கோடு தடிக்கும், அது 'ப்ளேன்'. மேலே போகும்போது கையைத் தளர்த்தினால் மயிரிழைபோல் வரும், அது 'தெலியே'. இரண்டும் சரியாக வராவிட்டால் விரல் முட்டியில் அடி விழும்.

அந்தத் தடிப்பையும் மெலிவையும் 1784 வாக்கில் ஈய எழுத்துக்குக் கொண்டுவந்தவர் பாரிஸ்காரர் ஃபிர்மேன் திதோ. இத்தாலியின் பார்மா நகரில் பொதோனியும் அதே வழியில் போனார். அவருடைய எழுத்து மாதிரிப் பெருநூலை, அவர் இறந்து 5 ஆண்டு கழித்து 1818இல் மனைவி வெளியிட்டார். இவர்களுக்கு முன்பே இங்கிலாந்தில் பாஸ்கர்வில் வழவழப்பான தாளில் அச்சிட்டுக் காட்டியிருந்தார். அப்படிப்பட்ட தாளில்தான் மயிரிழைக் கோடு நிற்கும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன்காரர்கள் தடித்த பாகத்தை இன்னும் கொழுக்கவைத்து, லாட்டரிச் சுவரொட்டிகளில் போட்டார்கள். தூரத்திலிருந்து கண்ணை இழுப்பதுதான் அதன் வேலை. கிட்டே வைத்துப் படிப்பதற்கல்ல.

ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவையும் தனித்தனியாக வெட்டினார்கள். சின்ன எழுத்தில் மெல்லிய கோட்டைச் சற்றுத் தடிப்பாக விடுவார்கள். நம் சென்னையிலேயே, 1862இல் அமெரிக்கன் மிஷன் அச்சகத்து ஹன்ட், வின்ஸ்லோவின் தமிழ் அகராதியின் 67,000க்கு மேற்பட்ட சொற்களை ஒரே தொகுதியில் அடக்கினார். எழுத்து சிறிதுதான், ஆனால் படிக்க முடியும்.

கணினியிலோ ஒரே வடிவத்தைப் பெரிதாக்கலாம், சுருக்கலாம். சுருக்கினால் மயிரிழையும் சேர்ந்தே சுருங்கும். அதனால்தான் 1990களின் தொடக்கத்தில் ஹார்ப்பர்ஸ் பஜார் இதழுக்காக ஹோஃப்லர் என்பவர் திதோவைப் புதிதாக வரைந்தபோது, ஏழு அளவுகளுக்கு ஏழு விதமாக வரைந்தார்.

அச்சகத்துப் பையன் என்னிடம் சொல்லத்தான் செய்தான்: "சார், இது தலைப்புக்கு நல்லாருக்கும். அட்ரஸுக்கு வேணாம்." நான் கேட்கவில்லை. சொரசொரப்பான தாள், தங்க நிற மை, பொடி எழுத்து. பூஜ்யத்தின் தலையிலும் அடியிலும் இருந்த மயிரிழை அச்சேறவில்லை. இரண்டு தூண்கள் மட்டும் நின்றன. 10 என்பது 111 ஆயிற்று.

இலையில் உட்கார்ந்தபிறகு நண்பர் மெதுவாகச் சொன்னார். அவருக்குக் கண்புரை, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தார். தெருவை இரண்டு தரம் சுற்றியும் எண் கிடைக்காதபோது, பார்வை முழுக்கவே போய்விட்டதோ என்று பயந்துவிட்டாராம். அந்தப் பயத்தைக் கொடுத்தவன் நான்.

நம் வயதுக்காரர்களுக்குப் பத்திரிகை அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயரை எந்த அலங்கார எழுத்தில் வேண்டுமானாலும் போடுங்கள். நேரம், கதவு எண், போன் நம்பர் மூன்றையும் ஒரே தடிப்புள்ள எழுத்தில் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். வருகிறவர் வெயிலில் நிற்கமாட்டார்.