கப்பலில் படிக்கப் போனால் கயிறு இழுக்கணுமா? ‘கடல் ஒலிம்பிக்ஸ்’ எப்படி நடக்கிறது, எதற்காக?

இந்தப் போட்டியில் ஜெயித்தால் பணம் கிடையாது. பயணம் முடியும் நாளில் கப்பலை விட்டு முதலில் இறங்கும் உரிமைதான் பரிசு. அவ்வளவுதான். இதற்காக முகத்தில் சாயம் பூசிக்கொண்டு, தொண்டை கட்டும்வரை கத்தி, நடுக்கடலில் கயிறு இழுக்கிறார்கள் கல்லூரி மாணவர்கள்.

‘செமஸ்டர் அட் சீ’ என்ற அமெரிக்கக் கப்பல் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு பயணத்திலும் நடக்கும் ‘கடல் ஒலிம்பிக்ஸ்’ பற்றித்தான் பேசுகிறோம். வெளியில் இருந்து பார்த்தால் காலேஜ் கல்ச்சுரல்ஸ் மாதிரி தெரியும். ஆனால் கப்பல் என்ற இடத்தில் இதற்கு வேறு ஒரு வேலை இருக்கிறது.

கப்பல்லயே படிப்பா?

ஆமாம். 1963-ல் ‘ஏழு கடல் பல்கலைக்கழகம்’ என்ற பெயரில் நியூயார்க்கில் இருந்து முதல் பயணம் கிளம்பியது. இடையில் ஒரு பெரிய கனவும் எரிந்து போனது. ஹாங்காங்கின் கப்பல் அதிபர் சி.ஒய். துங், புகழ்பெற்ற ‘குயின் எலிசபெத்’ கப்பலையே வாங்கி மிதக்கும் பல்கலைக்கழகமாக மாற்றிக்கொண்டிருந்தார். 1972 ஜனவரியில் ஹாங்காங் துறைமுகத்தில் அது தீப்பிடித்துச் சாய்ந்தது. அதன் பிறகு சிறிய கப்பல் ஒன்றில் திட்டம் தொடர்ந்தது. 2015 முதல் ஓடுவது ‘வேர்ல்ட் ஒடிஸி’. 1998-ல் ஜெர்மனியில் சொகுசுக் கப்பலாகக் கட்டப்பட்டது இது. கல்விப் பொறுப்பை 2016-ல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் ஏற்றது.

நமக்கும் இதில் தொடர்பு உண்டு. 2000-களில் இந்தத் திட்டத்தின் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து நின்றிருக்கிறது. பிறகு கொச்சிக்கு வந்தது.

ஒரு பயணம் நூறு நாள் அளவில் நீளும். கப்பல் கடலில் ஓடும் நாளெல்லாம் வகுப்பு நாள். சனி, ஞாயிறு என்று எதுவும் இல்லை. ‘ஏ’ நாள், ‘பி’ நாள் என்று மாறி மாறி வரும். கரை சேர்ந்தால்தான் வகுப்புக்கு லீவு. அப்போதும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நாள் களப்பயணம் கட்டாயம். இப்படி இறுக்கமாக ஓடும் கால அட்டவணையில், ஒரு முழு நாள் வகுப்பை நிறுத்தி விளையாட விடுகிறார்கள் என்றால், அதைச் சும்மா செய்யமாட்டார்கள் இல்லையா?

அணி எப்படிப் பிரிக்கிறாங்க?

இங்கேதான் சுவாரஸ்யம். நண்பர்களோடு சேர்ந்து அணி அமைக்க முடியாது. உங்கள் கேபின் எந்தத் தளத்தில், எந்த நடைபாதையில் இருக்கிறதோ அதுதான் உங்கள் அணி. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கடலின் பெயர் வைத்திருப்பார்கள்: ஏஜியன் கடல், பால்டிக் கடல், கரீபியன் கடல் என்று. “நீ எந்தக் கடல்?” என்பது அந்தக் கப்பலில் “நீ எந்த ஊர்?” என்று கேட்பதைப் போல. நம் ஊர் ஹாஸ்டலில் ‘சி பிளாக்’ பசங்க என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் இங்கே ஹாஸ்டல் கேட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போக முடியாது.

அதாவது ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்து கூட்டமாக வந்தவர்களும், யாரையும் தெரியாமல் தனியாக வந்தவரும் ஒரே அணியில் மாட்டிக்கொள்வார்கள். இது தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை. தெரிந்த முகங்களோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் பழக்கத்தை உடைக்க இதைவிட எளிய வழி இல்லை. பேராசிரியர்கள், ஊழியர்கள், அவர்கள் குடும்பத்தினர், ‘வாழ்நாள் கற்போர்’ என்ற பெயரில் பயணம் செய்யும் முதியவர்கள் ஆகியோரும் அணியாக இறங்குவது உண்டு.

இன்னொரு காரணமும் உண்டு, அது விளையாட்டு இல்லை. ஆபத்து வந்தால் யார் எங்கே கூட வேண்டும் என்பதையும் கப்பல்களில் கேபினை வைத்துத்தான் ஒதுக்குகிறார்கள். 2005 ஜனவரியில் இதே திட்டத்தின் ‘எக்ஸ்ப்ளோரர்’ கப்பல் வட பசிபிக்கில் ஒரு ராட்சத அலையில் சிக்கியது. கேப்டன் நிற்கும் மேடையின் கண்ணாடி உடைந்து, என்ஜின்கள் நின்றன. 700 பேருக்குச் சற்றுக் குறைவான மாணவர்கள் உள்ளே இருந்தார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். பயணம் கிளம்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கப்பல் பிறகு ஹவாயின் ஹொனலுலுவுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அந்த மாதிரி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பெயர் தெரிந்திருப்பதற்கும் தெரியாமல் இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்?

என்னென்ன போட்டி நடக்கும்?

பயணத்துக்குப் பயணம் மாறும். கயிறு இழுத்தல், ரிலே ஓட்டம், பொது அறிவு வினாடி வினா, பாட்டுக்கு வாயசைக்கும் ‘லிப் சிங்க்’ ஆகியவை அடிக்கடி வருபவை. மசித்த உருளைக்கிழங்கில் சிற்பம் செய்யும் போட்டிகூட நடந்திருக்கிறது. அணியின் பேனர், கோஷம் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. முந்தைய நாள் மாலையே தொடக்க விழா வைத்துவிடுவார்கள். பாதிச் சத்தம் அன்றைக்கே முடிந்துவிடும்.

கூட்டம் அதிகம் சேர்வது ஒத்திசைவு நீச்சலுக்குத்தான். கப்பலின் நீச்சல் குளம் நம் ஊர்க் கல்யாண மண்டப ஹால் அளவுகூட இருக்காது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீரும் அந்தப் பக்கமே வழியும். அதில் பத்துப் பேர் இறங்கி ஒரே நேரத்தில் காலைத் தூக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். யாரும் அழகாகச் செய்ய முடியாது. எல்லோரும் சமமாகச் சொதப்புவார்கள், எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். நன்றாக நீச்சல் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இருக்கும் இடைவெளியைக் கப்பலின் ஆட்டமே குறைத்துவிடுகிறது.

விளையாட்டு வராதவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. வினாடி வினா, ஓவியம், கோஷம் எழுதுவது என்று ஆள் தேவைப்படும் இடங்கள் நிறைய. கடல் குமட்டல் இருந்தால் மேல்தளப் போட்டிகளைத் தவிர்த்து, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் நடப்பவற்றுக்குப் பெயர் கொடுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவாகத் தெரியும். டெக் ஈரமாக இருந்தால் செருப்போடு ஓடாதீர்கள். கணுக்கால் பிசகினால் அடுத்த ஊரைச் சுற்றிப் பார்ப்பது போச்சு. கடல் கொந்தளிப்பாக இருந்தால் நிகழ்ச்சி தள்ளிப் போகலாம். கேப்டன் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பூமத்திய ரேகையைக் கடக்கும்போது நடக்கும் ‘நெப்டியூன் தினம்’ வேறு. விடியற்காலையில் சத்தம் போட்டு எழுப்புவது, மீனுக்கு முத்தம் கொடுப்பது, சிலர் மொட்டை போட்டுக்கொள்வது எல்லாம் அதில் வரும். அது பழைய மாலுமிச் சடங்கு, போட்டி இல்லை.

முதலில் இறங்குவது அவ்வளவு பெரிய விஷயமா?

கரையில் இருந்து பார்த்தால் அற்பமாகத் தெரியும். கடைசித் துறைமுகத்தில் பெற்றோர் வெளியே காத்திருப்பார்கள். உள்ளே நூற்றுக்கணக்கான பேர், நூறு நாள் மூட்டை முடிச்சு, குடியேற்றச் சோதனை, சுங்கச் சோதனை. கடைசியாக அழைக்கப்படும் ‘கடல்’ மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் பரிசுக்கு மதிப்பு இருக்கிறது. அமைப்பாளர்களுக்கும் வசதிதான்: செலவே இல்லை, யாராவது முதலில் இறங்கித்தானே ஆக வேண்டும்!

போட்டி வைத்தால் சண்டை வராதா?

நியாயமான கேள்வி. இதற்கு ஒரு பிரபலமான ஆய்வு இருக்கிறது. 1954-ல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப் 22 சிறுவர்களை ஒரு கோடை முகாமுக்கு அழைத்துச் சென்று இரண்டு அணிகளாகப் பிரித்தார். கயிறு இழுத்தல், பேஸ்பால் என்று போட்டிகள் வைத்தார். சில நாட்களில் கொடியை எரிப்பது, எதிரணியின் குடிலில் புகுந்து கலைப்பது என்று பகை முற்றியது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வைத்துப் பார்த்தார்கள், சாப்பாட்டை வீசிக்கொண்டார்கள். பகை குறைந்தது வேறு விதத்தில். தண்ணீர்க் குழாய் அடைபட்டது, உணவு கொண்டுவரும் லாரி நின்றுபோனது என்று இருவருக்கும் பொதுவான சிக்கல்களை உருவாக்கினார்கள். போட்டிக்குப் பயன்படுத்திய அதே கயிற்றைக் கட்டித்தான் இரண்டு அணியும் சேர்ந்து லாரியை இழுத்தன.

ஆய்வாளர்களே சிறுவர்களைத் தூண்டிவிட்டார்கள் என்ற விமர்சனம் பின்னாளில் வந்தது, அதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் கப்பலில் போட்டி நடத்துபவர்களுக்கு இதில் எச்சரிக்கை இருக்கிறது. தோற்ற அணி கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது, அடுத்த நாள் அதே சாப்பாட்டு ஹாலில் பக்கத்து மேசையில் உட்கார வேண்டும். அதனால்தான் இந்தப் போட்டிகள் ஒரே நாளில் முடிகின்றன, பாதி போட்டிகள் கோமாளித்தனமாக இருக்கின்றன, பரிசும் கோப்பை அளவுக்குப் பெரிதாக்கப்படுவதில்லை. வாரக் கணக்கில் புள்ளிப் பட்டியல் ஓட்டினால் கதை வேறு மாதிரி ஆகிவிடும்.

பாய்மரக் கப்பல்களில் இன்னும் ஒரு படி மேலே

ஐரோப்பாவில் நடக்கும் பாய்மரக் கப்பல் பந்தயங்கள் 1956-ல் இங்கிலாந்தின் டோர்பேயில் இருந்து லிஸ்பனுக்கு 20 கப்பல்களோடு தொடங்கின. இதில் கலந்துகொள்ளும் கப்பலின் ஆட்களில் குறைந்தது பாதிப் பேர் 15 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும். துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் கப்பல்களுக்கு இடையே விளையாட்டு, ஊர்வலம் எல்லாம் உண்டு. சில கட்டங்களில் மாணவர்கள் தங்கள் கப்பலை விட்டு வேறு நாட்டுக் கப்பலில் ஏறிப் பயணம் செய்வார்கள்.

நமக்குப் பிடித்தது இதில் ஒரு பரிசு: நட்புக் கோப்பை. வேகமாக வந்த கப்பலுக்கு அல்ல, மற்ற நாட்டவரோடு நட்பு வளர்க்க அதிகம் உழைத்த கப்பலுக்கு. முடிவு செய்வது நடுவர்கள் இல்லை, போட்டியிட்ட கப்பல்களே ஓட்டுப் போடுகின்றன. எதிரணியிடம் நல்ல பெயர் வாங்கினால்தான் ஜெயிக்க முடியும் என்றால், எதிரணியை எப்படி நடத்துவீர்கள்?

கொச்சியைத் தளமாகக் கொண்ட நம் கடற்படையின் மூன்று பாய்மரப் பயிற்சிக் கப்பல் ‘ஐ.என்.எஸ். தரங்கிணி’ 2018-ல் இந்த ஐரோப்பியப் பந்தயங்களில் கலந்துகொண்டது.

இந்தியாவில் இருந்து போக முடியுமா?

முடியும், ஆனால் பர்ஸ் கனமாக இருக்கணும். செமஸ்டர் அட் சீ-யில் ஒரு பருவத்துக்கே கட்டணம் 30,000 டாலரை ஒட்டி வரும். நம் பணத்தில் 25 லட்சம் ரூபாய்க்கு மேல். உதவித்தொகை உண்டு, ஆனால் இந்திய பாஸ்போர்ட்டில் வழியில் வரும் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா பார்க்க வேண்டும். அங்கே பெறும் மதிப்பெண்களை உங்கள் கல்லூரி ஏற்குமா என்று எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

நம் நாட்டிலேயே கப்பலில் தங்கிப் படித்த காலம் இருந்தது. 1927 முதல் மும்பையில் ‘டஃப்ரின்’ என்ற கப்பலில் வணிகக் கப்பல் அதிகாரிகள் பயிற்சி பெற்றார்கள். 1972-ல் ‘ராஜேந்திரா’ அந்த இடத்துக்கு வந்தது. 1993-ல் படிப்பு கரைக்கு மாறி, நவி மும்பையில் ‘டி.எஸ். சாணக்யா’ ஆனது. இன்று அது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கடல்சார் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். அங்கே படித்துவிட்டுச் சரக்குக் கப்பலில் ஏறும் கேடட்டுக்கு நிலைமை வேறு. மொத்தமே 20, 25 பேர்தான், அதிலும் பாதிப் பேர் வாட்ச்சில் இருப்பார்கள். இரண்டு அணி சேர்ப்பதே கஷ்டம்.

செலவில்லாமல் இந்த அனுபவத்தின் ஒரு துண்டாவது வேண்டும் என்றால், கடற்படைப் பிரிவு உள்ள பள்ளி, கல்லூரியில் என்.சி.சி.யில் சேரலாம். தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிகோபார் மூன்றும் சேர்ந்து ஒரே இயக்ககம். நாடு முழுக்க இருக்கும் 17 இயக்ககங்களின் அணிகள் அகில இந்திய ‘நவ் சைனிக்’ முகாமில் மோதும். கப்பல் மாதிரி செய்தல், கொடி அசைத்துச் செய்தி அனுப்புதல், துப்பாக்கி சுடுதல் என்று பல போட்டிகள். முக்கியமானது படகு வலித்தல். ‘வேலர்’ எனப்படும் 27 அடிப் படகில் ஐந்து துடுப்புகள்: ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு. மூன்று பேர் பக்கம் வேகம் காட்டினால் படகு நேராகப் போகாது, வளைந்துவிடும். பின்னால் சுக்கான் பிடித்து உட்கார்ந்திருப்பவர் கத்திக் கத்தித்தான் அதைச் சரிப்படுத்த வேண்டும்.